சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சிஏ 19-9 ஏறினால் கீமோ தோற்றுவிட்டதா?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக: அப்பாவுக்கு 66 வயது. சிறுநீர்ப்பையில் தொடங்கிய புற்றுநோய் அடிவயிற்று நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறது. ஜெம்சிடபின், கார்போபிளாட்டின் இரண்டு சுற்று முடிந்தாயிற்று. இடது சிறுநீரகம் வீங்கியிருப்பதாக முதல் சிடி ஸ்கேனிலேயே எழுதியிருந்தது. பல வருடப் புகைப்பழக்கம்; விட்டுவிட்டதாகச் சொல்கிறார், வீட்டில் யாரும் நம்பவில்லை. மருத்துவர் கேட்காமலே குடும்பத்தார் ஒரு லேபில் கேன்சர் மார்க்கர் பேக்கேஜ் எடுத்தார்கள் (மார்க்கர் என்றால் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்; சிஏ 19-9, சிஇஏ இரண்டும் அப்படிப்பட்டவை). சிஏ 19-9 கீமோவுக்கு முன் 61, இப்போது 138. சிஇஏ 6.2. அடுத்த ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருக்கிறது. கீமோ வேலை செய்யவில்லையா? புரோஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ மாதிரி சிறுநீர்ப்பைக்கு எந்த ரத்தப் பரிசோதனை? மாதாமாதம் எடுக்க வேண்டுமா?

நான் சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் இல்லை. இந்த ரிப்போர்ட்டுகள் வெளியே போகும்முன் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் உயிர்வேதியியல் ஆள். அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதற்கெல்லாம் ஆடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். மருந்தைத் தொடர்வதும் மாற்றுவதும் உங்கள் புற்றுநோய் மருத்துவரின் முடிவு.

முதலில் நேரான பதில். பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், இந்த ஒரு எண் ஏறினால் மருந்தை மாற்று, இறங்கினால் தொடரு என்று சொல்லும் ரத்த மார்க்கர் இன்று நடைமுறையில் இல்லை. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல்களோ அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன்னின் வழிகாட்டுதல்களோ சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 இவற்றை இந்த நோய்க்கு வழக்கமாக எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் மருத்துவர் கேட்காமல் விட்டது கவனக்குறைவால் அல்ல. 138 என்ற எண்ணை மட்டும் வைத்து கீமோ தோற்றுவிட்டது என்று சொல்லவும் முடியாது. ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த வீங்கிய சிறுநீரகம்தான் காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிஎஸ்ஏ ஏன் அவ்வளவு உதவுகிறது என்றால், அதைப் பெரும்பாலும் புரோஸ்டேட் செல்கள்தான் சுரக்கின்றன. புற்றுநோய் எலும்புக்குப் போனாலும் அது புரோஸ்டேட் செல்தான், அங்கிருந்தும் பிஎஸ்ஏ வரும். விரைப்பைப் புற்றுநோயில் ஏஎஃப்பியும் பீட்டா எச்சிஜியும் இதேபோல் கையில் பிடித்து நடத்துகின்றன. சிறுநீர்ப்பையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் யூரோதீலியம் என்ற படலத்துக்கு அப்படித் தனக்கே உரிய பொருள் எதையும் ரத்தத்தில் விடும் வழக்கம் இல்லை. அதனால் இங்கே பயன்படுத்துவதெல்லாம் வேறு உறுப்புகளுக்காகக் கண்டுபிடித்த இரவல் மார்க்கர்கள். சிஇஏ 1965-ல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் பெருங்குடல் புற்றுநோயில் கண்டது. சிஏ 19-9-ம் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லை எலிக்குள் செலுத்தி எடுத்த எதிர்ப்புரதத்தில் பிறந்ததுதான். 1979-ல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கொப்ரோவ்ஸ்கி குழு செய்தது. பிற்பாடு கணையத்துக்குப் பேர்போனது. சிஏ 125 சினைப்பைக்காக 1981-ல் வந்தது.

இரவல் என்பதற்காக எல்லாமே வீண் என்று ஆகிவிடாது. பரவிய நோயில் பலருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று கூடித்தான் இருக்கிறது. தனித்து வரும் பீட்டா எச்சிஜி ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் தென்படுகிறது. கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் ஹார்மோனின் ஒரு பாதி அது. ஆண்களின் ரிப்போர்ட்டில் அது வந்தால் வீட்டில் குழப்பம்தான்! சிறுநீர்ப்பைக் கட்டி அதைச் சுரப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம், பொதுவாக முரட்டு வகைக் கட்டியின் அடையாளமாகவே அதைப் பார்க்கிறார்கள். 2000-ல் லண்டனில் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனைக் குழு, கீமோ எடுக்கும் நோயாளிகளிடம் பீட்டா எச்சிஜி, சிஇஏ, சிஏ 125, சிஏ 19-9 நான்கையும் தொடர்ந்து அளந்து, தொடக்கத்தில் கூடியிருந்த மார்க்கரின் ஏற்ற இறக்கம் ஸ்கேனில் தெரியும் பலனோடு ஓரளவு ஒத்துப்போகிறது என்று எழுதியது. அதற்குப் பிறகும் இவை வழக்கத்துக்கு வராததற்குக் காரணம் எளிமையானது. கணிசமானவர்களுக்கு நான்கும் சாதாரணமாகவே இருக்கும். கூடியிருப்பவர்களுக்கும் ஸ்கேனைத் தவிர்க்க முடியாது. மார்க்கரைப் பார்த்து மருந்தை மாற்றியவர்கள் ஸ்கேனைப் பார்த்து மாற்றியவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.

இப்போது அந்த 138. சிஏ 19-9-ன் மேல்வரம்பு 37. கணையம் அல்லது பித்தக்குழாய்ப் புற்றுநோய், மஞ்சள்காமாலையோடு பித்தக்குழாய் அடைப்பு, கணைய அழற்சி, கட்டுப்பாடில்லாத சர்க்கரை எனப் பலவற்றில் அது ஏறும். பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதை அடைபட்டு, மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கும்போது, அந்தப் பாதையின் உட்படலமே சிஏ 19-9-ஐச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. புற்றுநோயே இல்லாமல், வெறும் கல்லடைப்பில் வீங்கிய சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இந்த எண் நூறுகளில், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டிப் போய், அடைப்பை நீக்கியதும் இறங்கியதாகப் பல மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பைக் கட்டி சிறுநீர்க்குழாயின் வாயை அடைப்பது வெகு சாதாரணம். அதாவது இந்த மார்க்கரைக் குழப்பும் நிலை எதுவோ, அதுவே இந்த நோயில் அடிக்கடி வருகிறது.

ஆக உங்கள் அப்பாவுக்கு 61 என்பது 138 ஆனதற்கு நோய் கூடியது ஒரு காரணமாக இருக்கலாம். இடது சிறுநீரகத்தின் வீக்கம் கூடியதும் காரணமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று சேர்ந்திருக்கலாம். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் செல்கள் உடையும்போது மார்க்கர் கொஞ்ச காலம் மேலே போய்ப் பிறகு இறங்குவதும் உண்டு; பெருங்குடல் புற்றுநோயில் சிஇஏ இப்படித் துள்ளுவதை நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள், நான்கிலிருந்து ஆறு வாரம்வரை அது நீளும். இரண்டு சுற்று முடிந்திருக்கும் உங்கள் அப்பா கிட்டத்தட்ட அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறார். முதல் ரத்தம் ஒரு லேபிலும் இரண்டாவது வேறு லேபிலும் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். சிஏ 19-9-ஐ அளக்கும் கருவிகளும் கிட்டுகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே ரத்தத்தை இரண்டு கருவியில் வைத்தால் இரண்டு எண் வருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், சில சமயம் ஒன்று மற்றதைப்போல இரண்டு பங்காகக்கூட இருக்கும்.

எனக்கு இதில் அவசரமாகப் படுவது ஒன்றுதான். நாளைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, கிரியேட்டினினும் வயிற்று அல்ட்ராசவுண்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த மார்க்கர் பேக்கேஜ் அளவுக்குச் செலவாகாது. வீக்கம் கூடியிருந்தால் ஸ்டென்ட் வைப்பார்கள் அல்லது முதுகுப்பக்கம் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே எடுப்பார்கள். அப்படிச் செய்த பிறகு சிஏ 19-9 தானாக இறங்கினால் விடை கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், சிறுநீரகத்தைக் காப்பாற்றினால்தான் மருந்துக்கு வழி இருக்கும். சிஸ்பிளாட்டின் கொடுக்க சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லியாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் அப்பாவுக்குக் கார்போபிளாட்டின் கொடுப்பதே அந்தக் காரணத்தால் இருக்கலாம். அடைபட்ட சிறுநீரகம், கீமோவால் குறைந்த வெள்ளணு, இதற்கு மேல் காய்ச்சல் என்று மூன்றும் சேர்ந்தால் அது மார்க்கர் பேசும் நேரம் இல்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சிஇஏ 6.2 பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். புகைக்காதவருக்கு 3 வரையிலும் புகைப்பவருக்கு 5 வரையிலும் இயல்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கம், புகைப்பவர்களில் அதற்கும் மேலே கொஞ்சம் போவோர் நிறைய. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணமே புகைதான் என்பதால், இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சிஇஏ எதைச் சொல்கிறது, நோயையா பீடியையா என்று பிரிப்பது கஷ்டம். சிஏ 125-ம் வயிற்றில் நீர் கோத்தாலோ இதயம் பலவீனமானாலோ ஏறும்.

ஒரு விதிவிலக்கு. பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து, யூரோதீலியல் கார்சினோமா என்று இருக்கிறதா, அடினோகார்சினோமா என்று இருக்கிறதா பாருங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது முதல் வகை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அடினோகார்சினோமா வரும். அதிலும் தொப்புளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கருவில் இருந்த யூராக்கஸ் குழாயின் மிச்சத்தில் தொடங்கும் வகை குடல் புற்றுநோயைப்போலவே நடந்துகொள்ளும். அங்கே சிஇஏயும் சிஏ 19-9-ம் தொடக்கத்திலேயே கூடியிருந்தால், தொடர்ந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்மால் செல் வகை வேறு பாதை, அதை இங்கே விட்டுவிடுகிறேன். சிறுநீரில் உதிர்ந்த செல்களைப் பார்க்கும் சைட்டாலஜி, சிறுநீரில் ஒரு புரதத்தைத் தேடும் என்எம்பி22 போன்றவை பைக்குள் இருக்கும் கட்டியைத் தேட உதவுபவை, நுரையீரலில் இருப்பதைப் பற்றி அவை பேசாது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பேக்கேஜில் பணம் கொடுத்து வாங்கிய எண்களைவிட, ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் மருத்துவமனை எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் அதிகச் செய்தி இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஹீமோகுளோபின், அல்புமின், அல்கலைன் பாஸ்படேஸ், எல்டிஎச், கால்சியம், கிரியேட்டினின், வெள்ளணு வகைகளின் எண்ணிக்கை இவைதான் அவை. 2010-ல் ஜோவாக்கிம் பெல்முன்ட் குழு, பிளாட்டினம் கீமோவுக்குப் பின்னும் நோய் வளர்ந்தவர்களை ஆராய்ந்து மூன்று விஷயங்கள் எதிர்காலத்தைக் கணிக்கின்றன என்று சொன்னது: ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பது, கல்லீரலில் பரவியிருப்பது, நோயாளி அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்திருப்பது. மூன்றில் ஒன்றுகூடப் பெயர்பெற்ற ட்யூமர் மார்க்கர் இல்லை. இவற்றில் எத்தனை ஒருவருக்கு இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஆயுளுக்கு மாதக் கணக்கு போட்டிருக்கிறார்கள். அது இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய நோயாளிகளின் கணக்கு, உங்கள் அப்பா இன்னும் முதல் கட்டச் சிகிச்சையில் இருப்பவர். அதனால் அந்த எண்களை இங்கே எழுதவில்லை. எங்காவது கண்ணில் பட்டாலும் அவர்மேல் போட்டுப் பார்க்காதீர்கள்.

இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது. ஜெம்சிடபினே ஹீமோகுளோபினைக் குறைக்கும், சிறுநீரில் ரத்தம் போனாலும் குறையும். அல்கலைன் பாஸ்படேஸ் ஏறினால் எலும்பா கல்லீரலா என்று பிரிக்க ஜிஜிடி என்ற இன்னொரு என்சைம் உதவும். ஜிஜிடி சாதாரணமாக இருந்து இது மட்டும் ஏறி, கூடவே முதுகோ இடுப்போ வலித்தால், அது மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கால்சியம் இதில் எல்லாவற்றையும்விட உடனடியானது. பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், எலும்பில் பரவாமலேயேகூடக் கட்டி ஒரு ஹார்மோனைச் சுரந்து கால்சியத்தை ஏற்றிவிடலாம். தாகம், மலச்சிக்கல், சோர்வு, திடீரென்று பேச்சில் குழப்பம் என்று வரும்போது, வயதாகிவிட்டது, கீமோ அசதி என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அல்புமின் குறைந்திருந்தால் ரிப்போர்ட்டில் கால்சியம் பார்க்கச் சாதாரணமாக இருந்துகொண்டே உண்மையில் கூடியிருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலும் சில நாளில் ஆள் தெளிவார்.

புதிதாக எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகளைத் தேடும் சிடி-டிஎன்ஏ பரிசோதனை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் உருப்படியான முதல் ரத்த மார்க்கர் என்று நான் இதைத்தான் சொல்வேன். அறுவையில் எடுத்த கட்டியின் மரபணுவைப் படித்து, அந்த நோயாளியின் கட்டிக்கு மட்டுமே உள்ள பிழைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றை மட்டும் ரத்தத்தில் தேடுகிறார்கள். பீடியோ அடைபட்ட சிறுநீரகமோ இதைக் குழப்ப முடியாது. துண்டுகள் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், இன்று தெரிவது இன்றைய நிலைமை.

2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரக் குழு 68 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு நோய் திரும்பியதை இந்தப் பரிசோதனை ஸ்கேனைவிட நடுமதிப்பாக 96 நாள் முன்னதாகக் காட்டியது. ஐஎம்விகர் 010 என்ற ஆய்வு, அறுவைக்குப் பிறகு, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பிரிக்காமல், அடெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்துத் தோல்வி கண்ட ஆய்வு. ஆனால் 2021-ல் அதன் ரத்த மாதிரிகளைத் திரும்பப் பார்த்தபோது, 581 பேரில் 214 பேருக்கு அறுவைக்குப் பின்னும் சிடி-டிஎன்ஏ இருந்தது, மருந்தால் பலன் பெற்றதும் அவர்கள் மட்டுமே. அந்தத் துப்பை வைத்து ஐஎம்விகர் 011 நடந்தது. அறுவை முடிந்தவர்களை ரத்தத்தால் கண்காணித்து, சிடி-டிஎன்ஏ தென்பட்ட 250 பேரைப் பிரித்து, சிலருக்கு அடெசோலிசுமாப், சிலருக்குப் போலி மருந்து. 2025-ல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்கள் வாழ்ந்த காலம் நடுமதிப்பில் 32.8 மாதம், மற்றவர்களுக்கு 21.1 மாதம். ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லி மருந்து கொடுத்து ஆயுளைக் கூட்டியது இந்த நோயில் இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள், இவை எல்லாம் சிறுநீர்ப்பையை அறுவையில் எடுத்துவிட்டு, ஸ்கேனில் எதுவும் தெரியாமல் இருப்பவர்களுக்கானவை. உங்கள் அப்பாவுக்கு நோய் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். பரவிய நோயில் மருந்து கேட்டால் சிடி-டிஎன்ஏ சீக்கிரமே இறங்குகிறது என்பது தெரிந்த விஷயம்தான், அதைக் கொண்டு மருந்தை மாற்றலாம் என்ற அளவுக்கு இன்னும் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்து அந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக மருத்துவரிடம் கேட்க வேண்டிய மரபணுக் கேள்வி எஃப்ஜிஎஃப்ஆர்3. இந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் எர்டாஃபிடினிப் என்ற மாத்திரை ஒரு வழி. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயாப்சித் திசுவில் பார்ப்பதுதான் முறை, திசு போதவில்லை என்றால் ரத்தத்திலும் தேடலாம். இது நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லாது, எந்த மருந்துக்கு வாய்ப்பு என்று சொல்லும். என்ஃபார்டுமாப் வெடோட்டினும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்ந்த சிகிச்சை பற்றியும் கேளுங்கள். 886 பேர் பங்கேற்ற ஆய்வில் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு கீமோவின் 16.1 மாதத்துக்கு எதிராக 31.5 மாதம் என்று முடிவு வந்தது. விலை பெரிய தடை என்பது தெரியும், இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மாதாமாதம் எடுப்பதா என்ற கடைசிக் கேள்விக்கு: முழுப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். ஏஎஃப்பி, பிஎஸ்ஏ எல்லாம் அதில் சேர்த்திருப்பார்கள், அப்பாவின் நோய்க்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. முதலிலிருந்தே கூடியிருந்தது சிஏ 19-9 என்பதால், மருத்துவரும் சம்மதித்தால், சிறுநீரக அடைப்பைச் சரிபார்த்த பிறகு அதை மட்டும் ஒரு முறை, ஸ்கேன் எடுக்கும் வாரத்திலேயே எடுக்கலாம். அதே லேபில் கொடுங்கள். தொற்றோ காய்ச்சலோ இருக்கும்போது கொடுக்காதீர்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லுங்கள். சில கிட்டுகளில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்து மார்க்கர் மட்டும் ஏறியிருந்தால் ஸ்கேனை நம்புங்கள். அதற்கு முன்பே இருமல், புதிய எலும்பு வலி, எடை குறைவது என்று ஏதாவது தொடங்கியிருந்தால் மூன்று வாரம் காத்திருக்காமல் ஸ்கேனை முன்னே தள்ள முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது 138-ஐயும் சொல்லுங்கள், கூடவே எந்த லேப், எந்தத் தேதி என்பதையும்.